கடைச் சாப்பாடும் ஒவ்வாமையும்: ஹோட்டல் சமையல்காரரிடம் கேளுங்கள்

கே: மகனுக்கு இறால் பட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். கோழிக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுக்கலாமா? (வெள்ளவத்தை)

ப: வேண்டாம், அக்கா. கூட்ட நேரத்தில் கொத்துக் கல்லைக் கழுவ மாட்டார்கள். ஒரு ஓடர் முடிந்ததும் கையிலிருக்கும் தகட்டால் வழித்து ஓரம் தள்ளிவிட்டு, எண்ணெய் ஊற்றி அடுத்ததைத் தொடங்குவார்கள். முன்னால் போனது இறால் கொத்தென்றால் அதன் மிச்சம் மகனின் பார்சலில் இருக்கும். சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்பார்கள். கிருமி சாகும், இறாலின் புரதம் சாகாது. எண்ணெயும் அப்படித்தான்: காலிமுகத்திடலில் இஸ்ஸோ (இறால்) வடை பொரித்த சட்டியில் பருப்பு வடை பொரிந்தால் அதையும் தொடாதீர்கள். கேட்பதானால் பில் போடுபவரிடம் கேட்காதீர்கள், அடுப்படியில் நிற்பவரிடம் கேளுங்கள்.

கே: எனக்கு மீன் ஆகாது. சம்பல் சாப்பிடலாம்தானே?

ப: கொழும்புக் கடைகளில் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டச் சம்பல் மூன்றிலும் மாசிக் கருவாடு இருக்கலாம். இடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. அடுப்படியில் கேளுங்கள்.

கே: யாழ்ப்பாணத்துச் சம்பலில் ஏது மாசி? சும்மா வெருட்டாதீர்கள்.

ப: அண்ணா, உங்கள் வீட்டு அம்மியைப் பற்றி நான் பேசவில்லை. கடையில் அரைப்பவர் எந்த ஊரோ!

கே: அப்படியென்றால் சைவக் கடைக்குப் போகட்டும். அங்கே மாசி இல்லையே?

ப: மாசி இல்லை, சரி. கஜு (முந்திரிப் பருப்பு), பால், நெய், நல்லெண்ணெய்? மீன் ஆகாதவருக்கு அது நல்ல இடம், கஜு ஆகாதவருக்கு இல்லை. சம்பலுக்குச் செத்தல் மிளகாயா பச்சை மிளகாயா என்று கீழே கருத்துகளில் நால்வர் சண்டை பிடிக்கிறீர்கள். அதற்கு நான் ஆளில்லை.

கே: கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை. பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை கையிலிருந்தால் போதுமா?

ப: போதவே போதாது. அது அரிப்பை அடக்கும், தொண்டை அடைப்பதையும் பிரஷர் விழுவதையும் நிறுத்தாது. டொக்டர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் அது எப்போதும் பையில் இருக்க வேண்டும். மூச்சு இழுத்தால் உடனே தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

கே: முட்டை இல்லாமல் வட்டிலப்பம் கேட்கலாமா?

ப: முட்டைதான் அதை உறைய வைக்கிறது. பழம் சாப்பிடுங்கள், தங்கச்சி.

கே: கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகாதா?

ப: வீட்டில் செய்து பார்க்கிற வேலையில்லை. டொக்டரிடம் கேளுங்கள்.

கே: கொத்திலிருந்து இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டால்?

ப: தம்பி, முதல் பதில்.