நாற்று நூலாக நீளுகிறதே, ஏன்?

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நாற்று விடுவது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

சன்னலோரம் கிண்ணத்தில் தக்காளி விதை போட்டேன். நான்காம் நாளே முளைத்தது. ஒரு வாரத்தில் நூல்போல நீண்டு, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. விதை மோசமா?
– வாசகி, பாலக்கோடு

நான்காம் நாளே முளைத்த விதையைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சம்தான் போதவில்லை. முளைக்கும்வரை தக்காளிக்குச் சூடும் ஈரமும் போதும், இருட்டில் இருந்தாலும் முளைக்கும். ஆனால் தலை தெரிந்த அன்றே கிண்ணத்தை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். சன்னலோரம் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும், நாற்றுக்கு அது பற்றாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளும், பருக்காது. மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். வலை இல்லாவிட்டால் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்து, உச்சி வெயில் படாத இடம் போதும்.

சாய்ந்த நாற்றின் அடித்தண்டையும் பார்த்துவிடுங்கள். வெளுத்திருந்தாலும் கெட்டியாக இருந்தால் அது வெளிச்சக் குறைதான். மண்ணை ஒட்டிய இடம் நீர் கோத்துப் பழுப்பாகி, நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் சிறுத்திருந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்கள் செய்யும் வேலை இது. நெருக்கி விதைப்பதும், சாயங்காலம் தண்ணீர் தெளித்து இரவெல்லாம் ஈரமாக விடுவதும்தான் இவற்றுக்கு இடம் கொடுக்கிறது. சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் கலந்து மீதி நாற்றின் வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள்.

நோயில்லாமல் நீண்டுவிட்ட தக்காளியை எறிய வேண்டாம். நடும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரை மண்ணுக்குள் இறக்குங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். இதைத் தக்காளிக்கு மட்டும் செய்யுங்கள். மிளகாய், கத்தரியை இருந்த ஆழத்திலேயே நடுவது நல்லது.

ஒரு ஏக்கர் வீரியத் தக்காளிக்கு நாற்றை நானே குழித்தட்டில் வளர்க்க நினைக்கிறேன். என்னென்ன, எவ்வளவு வேண்டும்?
– வாசகர், ராயக்கோட்டை

98 குழித் தட்டு 100 வாங்குங்கள். நடவுக்குச் சுமார் 9,400 நாற்று போனாலும், முளைக்காத குழிகளை ஈடுகட்ட மீதி இருக்கும். விதை 40 கிராம். மக்கிய தென்னை நார்க்கழிவு தட்டுக்கு 1.2 கிலோ வீதம் 120 கிலோ. அதில் வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள் தலா 400 கிராம் கலந்துகொள்ளுங்கள்.

கலவையைக் கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. குழிக்கு ஒரு விதை, ஆழம் அரை செ.மீ. அதற்குமேல் போனால் முளைப்பு முன்பின்னாகும், தட்டு முழுக்க ஒரே வயது நாற்று கிடைக்காது. சொந்த விதையானால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) வீதம் கலந்து விதையுங்கள். பாக்கெட் விதை சாயமேறி இருந்தால் பெரும்பாலும் பூசணக்கொல்லி பூசியே வந்திருக்கும், மறுபடி எதுவும் வேண்டாம்.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆறு நாள் கணக்கு வைத்துக்கொண்டு அதுவரை தாளைத் தூக்கியே பார்ப்பதில்லை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். அங்கங்கே முளை வளைந்து தலைகாட்டியதும் அடுக்கைப் பிரித்து, நிழல்வலைக் குடிலுக்குள் மேட்டுப்பாத்தியில் பரப்பிவிட வேண்டும். தாளுக்குள் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் முளை வெளுத்து நீண்டுவிடும், பிறகு திருத்துவது கடினம்.

தண்ணீர் காலையில், பூவாளியால். 18ஆம் நாள் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுங்கள். குடிலைச் சுற்றி 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை அவசியம். இலைச்சுருட்டு வைரஸைச் சுமக்கும் வெள்ளை ஈ நாற்றிலேயே உட்கார்ந்துவிட்டால், வயலில் எத்தனை மருந்தடித்தும் அந்தச் செடியை மீட்க முடியாது. வலைச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தட்டின்மேல் வெள்ளையாகப் படிகிறது, இலை ஓரம் கருகுகிறது.
– வாசகர், பென்னாகரம்

உப்பு. நம் பக்கத்துப் போர் தண்ணீர் என்றாலே புளோரைடு நினைவுக்கு வரும். அது முதலில் குடிநீர்க் கவலை. நாற்றைக் கருக்குவது தண்ணீரில் உள்ள மொத்த உப்பு. சரியாகக் கழுவாத நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு, இரண்டும் சேர்ந்தால் இளவேர் தாங்காது. கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து, இப்படி மூன்று முறை கழுவிய பிறகே தட்டில் நிரப்புங்கள். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதை நாற்றுக்கென்று ஒதுக்குங்கள். போர் தண்ணீரைவிட்டால் வழியில்லை என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்திவிட்டு, அடித்துளை வழியாக வடியும்வரை ஒரே தடவை ஊற்றுங்கள். மேலோட்டமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும்.

மார்கழியில் மிளகாய் விதைத்துப் பத்து நாளாகியும் முளை இல்லையே?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

குளிர். மிளகாய்க்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். உங்கள் ஊர் மார்கழி இரவில் அது கிடைக்காது. தட்டை மூடி வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைத்து இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் அதே விதையில் 20 எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். அதிலும் முளைக்காவிட்டால் விதையை மாற்றுங்கள்.

வெண்டை, பீர்க்கையையும் தட்டில் விடலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட்டை நேரடியாக விதையுங்கள். பீர்க்கை, புடலையைப் பெரிய குழித் தட்டில் விட்டு, 12 முதல் 15 நாளுக்குள் வேர் கலையாமல் நட வேண்டும்.

தட்டில் நன்றாக இருந்த நாற்று, நட்ட நாலாம் நாள் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துவிட்டது. சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட் எல்லாம் போட்டிருக்கிறேன்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

முதலில் சொட்டுவானை, அதாவது குழாயில் சொட்டு விழும் வாயைப் பாருங்கள். நாற்றின் வேரோடு வரும் நார்க்கழிவு உருண்டை சுற்றியுள்ள மண்ணைவிடச் சீக்கிரம் காயும். சொட்டு விழும் இடம் நாற்றிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தால் பாத்தி நனையும், உருண்டை மட்டும் காய்ந்தே கிடக்கும். வேர் மண்ணுக்குள் இறங்கும்வரை, முதல் நான்கைந்து நாள் சொட்டு உருண்டைமேலேயே விழும்படி வையுங்கள், அல்லது குவளையால் ஊற்றுங்கள். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்று இன்னொரு தண்ணீர்.

இரண்டாவது, உருண்டையின் மேற்பகுதி மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா? காற்றில் அது திரிபோல ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே ஒரு விரல்கனம் மண் மூடியிருக்க வேண்டும். தண்டு ஷீட்டின் ஓரத்தில் உரசினாலும் மதிய வெயிலில் சூடேறிய தாள் அந்த இடத்தைச் சுட்டுவிடும். ஓட்டையைத் தாராளமாகப் போட்டு, நடுவில் நடுங்கள்.

நடவுக்கு ஐந்து நாள் முன்பே நாற்றைக் கெட்டிப்படுத்தினீர்களா? நிழல்வலையை ஒதுக்கி, இலை லேசாக வாடும்வரை பொறுத்துத் தண்ணீர் விட வேண்டும். யூரியா கூடவே கூடாது. நடும் அன்று காலை தட்டை நன்றாக நனைத்து, அடித்துளையில் விரலால் தள்ளி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் அறும். வெயில் தாழ்ந்து நடுங்கள்.

விலைக்கு வாங்கிய நாற்றானால் ஒன்றிரண்டை உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக உருண்டையைப் பிடித்திருந்தால் எடுக்கலாம். பழுப்பேறி அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் வயது கடந்த நாற்று. தக்காளிக்கு 25 நாள்தான் கணக்கு. நிலம் தயாராகவில்லை என்று 35, 40 நாள் தட்டிலேயே வைத்ததை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.