ரவையில் நூல், அட்டையில் வெள்ளை முட்டை

கேள்வி: வாய் ஒட்டியிருந்த ரவை பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே நூல் நூலாகக் கட்டியிருக்கிறது. 'உங்க வீட்டுப் பூச்சி' என்கிறார் கடைக்காரர். வாங்கும்போதே முட்டை கண்ணில் படுமா? (தக்கலை)

பதில்: படாது. அந்துப்பூச்சி முட்டை அரை மில்லிமீட்டர் அளவுதான். நிறமும் வெள்ளை. ரவையில் விழுந்தால் அதுவும் ஒரு ரவை. நூல் கட்டியது முட்டையிலிருந்து வந்த புழு. நம்மூர் வெக்கையில் முட்டை சில நாளில் பொரிந்துவிடும். ஆனால் ரவை கட்டிகட்டியாகப் பிணைய வாரங்கள் ஆகும். வாங்கிய மறுநாளே பிரித்திருந்தால் பழி உங்கள் வீட்டுக்கு இல்லை. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்ததென்றால் கவரில் ஓட்டை தேடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக்கைப் புழு கடித்துத் துளைக்கும்.

சரி, மறுநாள்தான் பிரித்தேன் என்பதற்கு என்ன சாட்சி? கடிதத்தில் பில்லைப் பற்றி மூச்சே இல்லை! நகைக்கடையில் பில்லை வாங்கிப் பீரோவில் பூட்டுகிற நாம், மளிகைக் கடையில் கேட்கக் கூச்சப்படுகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிகம். ப்ளக்கில் சொருகினால் பூச்சி ஓடும் என்று விற்ற கருவி ஒன்றை நானும் வாங்கினேன். அதன்மேலேயே அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. பில் இருந்ததால் பணம் திரும்பியது. உங்களிடமும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 2 ஆண்டுக்குள் மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய தேனீப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. வீட்டில் வந்து திறந்தால் அடையெல்லாம் புழு. (மார்த்தாண்டம்)

பதில்: பணம் கொடுக்கும் முன் மூடியைத் தூக்கிப் பார்க்க என்ன தடை? அது அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சியின் புழு; மெழுகுப்பூச்சி இடுக்கில்தான் முட்டையிடும். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்கள்.

கேள்வி: நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்காக முட்டை ஒட்டுண்ணி அட்டை (பூச்சி முட்டையை அழிக்கும் குளவி வெளிவரும் அட்டை) வாங்கினேன். வாரம் ஒன்றாகியும் முட்டைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. விற்றவர் போனை எடுப்பதில்லை. (பூதப்பாண்டி)

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள், ஐயா. அட்டையில் ஒட்டியிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி அவற்றுக்குள் தன் முட்டையை வைத்தால் நாலு நாள் வாக்கில் கறுத்துவிடும். உங்களுடையவை கறுக்கவில்லை என்றால் குளவி அண்டவே இல்லை. கறுத்த முட்டையிலும் ஊசிமுனை ஓட்டை இருந்தால் குளவி முன்பே பறந்துவிட்டது. அதையும் தலையில் கட்டுவார்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி எழுத்தில் ஒரு குறிப்பு கேளுங்கள். அடுத்த முறை கறுத்த அட்டையை மட்டும் வாங்குங்கள். அட்டையை வயலில் கட்டிய பிறகு பூச்சிமருந்து அடித்தால் குளவியும் சாகும்.

கேள்வி: பூச்சி முட்டையே வைக்காத பட்டு என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். (குளச்சல்)

பதில்: அப்படி ஒரு பட்டு கிடையாது. வேர்வையோடு மடித்து வைக்காதீர்கள், அவ்வப்போது நிழலில் விரித்து உதறுங்கள். உதறும்போது துணிப்பூச்சியின் முட்டைகள் பல உதிர்ந்துவிடும்.