செத்துப்போன அப்பா பெயரில் நோட்டீஸ்: ஏஜெண்டைத் தேடாதீர்கள், கவுண்டருக்குப் போங்கள்

கேள்வி: ஐயா, தோட்டத்தை விற்று தாமான் (குடியிருப்பு) கட்டியபோது அப்பாவுக்குக் கிடைத்த மலிவு விலை வீட்டில்தான் இருக்கிறோம். அப்பா 2017-ல் தவறிவிட்டார். சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி) பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. 2020-க்குப் பிறகு ஒழுங்காகக் கட்டவில்லை. போன வாரம் ‘நோட்டீஸ் ஈ’ என்று ஒரு கடிதம் வந்தது. பாக்கி 612 ரிங்கிட் 40 சென். கோப்பிக் கடையில் உட்காரும் ஒருவர், “பெயர் மாற்றாமல் பணம் கட்ட முடியாது, வீடு லேலாங் (ஏலம்) போய்விடும், 1,500 கொடுத்தால் பாக்கியையும் கழித்துப் பெயரையும் மாற்றித் தருகிறேன்” என்கிறார். அப்பாவின் இறப்புப் பத்திரம், அம்மாவின் ஐ.சி. (அடையாள அட்டை) இரண்டின் நகலும் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் கிராண்டும் (நில உரிமைப் பத்திரம்) அம்மாவின் கைநாட்டும் வேண்டுமாம். அம்மாவுக்குக் கல்யாணப் பத்திரம் இல்லாததால் பங்கே கிடையாது என்றும் சொல்கிறார். அம்மா சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தால் நாளைக்கே வீடு போய்விடாது.

நோட்டீஸ் ஈ என்பது பாக்கியைக் கட்டச் சொல்லி மாவட்ட மன்றம் அனுப்பும் கடிதம். கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டவில்லை என்றால் அடுத்தது வாரண்டு. வாரண்டோடு வரும் ஆட்கள் வீட்டில் உள்ள அசையும் சாமான்களைத்தான் எடுப்பார்கள், டிவி, ஃப்ரிட்ஜ் மாதிரி. எடுத்த பிறகும் ஏழு நாளுக்குள் பணத்தைக் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் சாமான் ஏலத்துக்குப் போகும். வீட்டையே விற்க வேண்டுமென்றால் மன்றம் நீதிமன்றப் படியேற வேண்டும். 612 ரிங்கிட்டுக்காக ஒரு மன்றம் அந்தப் படியேறி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, பெயர் மாற்றாமல் பணம் கட்ட முடியாது என்பது சுத்தப் பொய். மதிப்பீட்டு வரி அந்தச் சொத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கடன். பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் காட்டினால் கவுண்டரில் யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். மகள் கட்டலாம், மருமகன் கட்டலாம், பக்கத்து வீட்டுப் பையன்கூடக் கட்டலாம். பில்லில் இருக்கும் பெயர் தபால்காரருக்கு. சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்வது கிராண்டில் இருக்கும் பெயர்.

நாளைக் காலையில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மன்றத்தின் வருவாய்ப் பிரிவுக்குப் போங்கள். ‘பஹாகியான் ஹாசில்’ என்று பலகை இருக்கும். மொத்தத்தையும் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத கடிதம் எந்த மேசையில் போய்த் தூங்குகிறது என்று இரண்டு தவணை கவுன்சிலராக இருந்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருநூறு கட்டினாலும் ரசீதை அங்கேயே நின்று பாருங்கள். உங்கள் கணக்கு எண் சரியா, எந்த வருஷத்துப் பாக்கி கழிந்திருக்கிறது என்று பார்த்த பிறகு நகருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பெரியவர் என்னிடம் ரசீதோடு வந்தார். ஏஜெண்டுக்கு 900 கொடுத்தாராம், ‘எல்லாம் செட்டில்’ என்று ரசீதும் கொடுத்தானாம், ஆனாலும் வாரண்டு வந்துவிட்டதாம். ரசீதை வாங்கிப் பார்த்தேன். அசல் ரசீதுதான். கட்டியிருந்தது ஓர் அரையாண்டு, 47 ரிங்கிட் சொச்சம். மலாய் படிக்கத் தெரியாத மனிதருக்கு மேலே இருக்கும் சின்னமும் கீழே இருக்கும் முத்திரையும்தான் தெரியும். நடுவில் உள்ள எண்ணைப் படித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. இந்த ஊரில் இது ஒரு தொழில், தங்கச்சி. கையில் பச்சை ஃபைல், சட்டைப்பையில் இரண்டு பேனா, “உள்ளே நம்ம ஆள் இருக்கான்” என்று ஒரு வார்த்தை. உள்ளே யாரும் இல்லை. நீங்கள் எடுக்கிற அதே நம்பர் சீட்டைத்தான் அவனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பாக்கியைக் ‘கழித்து’ விடுவதாகச் சொல்வதும் அப்படித்தான். பாக்கியைத் தள்ளுபடி செய்ய ஏஜெண்டாலும் முடியாது, கவுன்சிலராகிய என்னாலும் முடியாது. சில சமயம் மன்றமே அபராதத்தில் சலுகை அறிவிக்கும், அது எல்லாருக்கும் பொது. அதை வாங்கித் தந்ததாகச் சொல்லி ஒருவன் காசு கேட்டால், மழை பெய்ததற்குக் குடைக்காரன் காசு கேட்ட கதைதான்.

அடுத்து அந்தக் கைநாட்டு. எந்தக் காகிதத்தில் கேட்கிறான் என்று பார்த்தீர்களா? வெற்றுத் தாளாக இருக்கலாம், அதிகாரப் பத்திரமாக இருக்கலாம், ‘போராங் 14ஏ’ என்று தலைப்பிட்ட தாளாகவும் இருக்கலாம். 14ஏ என்பது நிலத்தைக் கைமாற்றும் படிவம். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு இன்று அம்மா 14ஏ-வில் கைநாட்டு வைக்க எந்தத் தேவையும் இல்லை. அதிகாரப் பத்திரத்தில் வைத்தால், பின்னாளில் வீடு அம்மா பெயருக்கு வந்ததும் அவருக்காக வேறொருவன் கையெழுத்துப் போட வழி பிறந்துவிடும். ஒரிஜினல் கிராண்டை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். நில அலுவலகத்துக்கு நீங்களே கொண்டுபோகும் நாள் ஒன்றுதான் விதிவிலக்கு.

பெயர் மாற்றம் எப்படி? மன்றத்தில் தொடங்காது. கிராண்டில் பெயர் மாறிய பிறகு அந்த நகலைக் கொண்டுவந்து படிவம் நிரப்பினால் பில்லிலும் மாற்றுவார்கள். கிராண்டில் மாற, உயில் எழுதாமல் போனவரின் வீட்டுக்கு ‘பூசாக்கா கெச்சில்’ மனு போட வேண்டும், போராங் ஏ. பெயர்தான் ‘சின்னச் சொத்து’. 2 மில்லியன் ரிங்கிட் வரை என்றிருந்த வரம்பை 2024-ல் 5 மில்லியனாக உயர்த்திவிட்டார்கள், ஆக நம் தாமான் வீடுகள் எல்லாம் இதில் அடங்கும். வக்கீல் கட்டாயமில்லை. இறப்புப் பத்திரம், கிராண்டு நகல், எல்லாருடைய ஐ.சி., பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இவ்வளவும் சேர்த்து மனுக் கொடுத்தால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். அன்று வாரிசுகள் எல்லாரும் போக வேண்டும். இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். தாத்தா பாட்டி இல்லை என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்குமாக மூன்றில் இரண்டு. அப்பாவைப் பெற்றவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கணக்கு மாறும்: அம்மாவுக்குக் கால், பெற்றவருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் ஒப்புக்கொண்டால் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கலாம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால் அதை நான் இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது.

இனி அந்தக் கல்யாணப் பத்திரம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் தோட்டத்துத் தாய்மார்கள் பலரை இந்த ஒரு வார்த்தை சொல்லித்தான் மிரட்டுகிறார்கள். அம்மாவுக்கு எப்போது கல்யாணம் நடந்தது? 1982 மார்ச் 1 என்ற தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயமாகப் பதியச் சொல்லும் சட்டம் இயற்றப்பட்டது 1976-ல், நடைமுறைக்கு வந்தது அந்தத் தேதியில். அதற்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, கங்காணி, கிராணி, உறவு சனம் பார்க்க நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லும், பதிந்ததாகவே கருதப்படும். உங்கள் அம்மாவின் கல்யாணம் 1979 என்றால் அவர் முழு மனைவி, முழுப் பங்கு. 1982 பிப்ரவரியில் நடந்திருந்தாலும் அப்படித்தான். ஏப்ரலில் நடந்து பதியாமல் விட்டிருந்தால் சிக்கல். கணக்கில் வருவது தாலி கட்டிய நாள். விருந்து வைத்த நாளும், முதல் பிள்ளை பிறந்த நாளும் சேராது. பத்திரம் இல்லை என்பது வேறு, கல்யாணம் இல்லை என்பது வேறு. நிரூபிக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்: பழைய கல்யாணப் போட்டோ, அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அன்று கூட நின்ற ஒரு பெரியவர், அவர் தரும் சத்தியப் பிரமாணக் கடிதம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே போய் எழுதி வாங்குங்கள். பத்திரத்தை நானே ‘செய்து’ தருகிறேன் என்று ஏஜெண்டு சொன்னால், அவன் செய்யப்போவது போலிப் பத்திரம். அதைக் காட்டினால் மாட்டிக்கொள்வது உங்கள் அம்மா.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், வீட்டுக்கு அசல் ஆபத்து இருப்பது அங்கேதான். சுக்காய் தானா, அதாவது நில வரி, கட்டியிருக்கிறீர்களா? சுக்காய் பிந்து மன்றத்துக்கு, வருஷத்தில் இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும். சுக்காய் தானா நில அலுவலகத்துக்கு, வருஷத்தில் ஒரு முறை, மே கடைசிக்குள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் கட்டும் வீடுகள் நம் தாமானில் வரிசைக்கு மூன்று இருக்கும். நில வரி பாக்கி விழுந்தால் போராங் 6ஏ என்ற நோட்டீஸ் வரும். அதில் சொன்ன கெடு தாண்டினால் நிலத்தை மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ள நிலச் சட்டம் இடம் தருகிறது. கட்ட வேண்டியதோ சின்னத் தொகை. சுக்காய் பிந்துக்குத் தூக்கம் கெட்டு, நில வரியை மறந்து கிராண்டை இழக்காதீர்கள். மன்றத்துக்குப் போகும் அதே நாளில் நில அலுவலகத்திலும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். உங்கள் அப்பா இறந்த நாளையும் நேரத்தையும் தேசியப் பதிவு இலாகா 2017-லிருந்து கணினியில் வைத்திருக்கிறது. நில அலுவலகத்துக்கு அது தெரியாது. மன்றத்துக்கும் தெரியாது. செத்த மனிதருக்கு ‘துவான்’ (ஐயா) போட்டு, மலாயில் மட்டும், சட்டப் பிரிவு எண்ணோடு மிரட்டல் கடிதம் போகிறது. அதைப் படிக்கத் தெரியாத விதவை கோப்பிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஏஜெண்டை உருவாக்கியது யார்? கடிதத்தின் பின்பக்கம் தமிழிலும் சீனத்திலும் நான்கு வரி போடலாமே என்று மன்றக் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து கேட்டேன். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். மூன்று முறையும் அதே இரண்டு சொல். எங்களை நீங்கள் ஓட்டுப் போட்டா தேர்ந்தெடுத்தீர்கள்? ஊராட்சித் தேர்தலை 1965-ல் நிறுத்தினார்கள், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு ஒரேயடியாக மூடிவிட்டார்கள். எங்களை நியமிப்பது மாநில அரசு. ஓட்டு இல்லாத இடத்தில் கேள்விக்கும் பலம் குறைவுதான். மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டம் சொல்கிறது. பின் வரிசை நாற்காலிகள் எப்போதும் காலி. நீங்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால்கூட அந்த இரண்டு சொல்லை எழுதக் கை கூசும்.

கடிதத்தின் கடைசியில், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது எதற்கு வரி என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் வாய்க்காலைக் காட்டி வரியை நிறுத்தினால் வாரண்டு நிற்காது. உங்கள் வரிசையில் கடைசி வீடுகளுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் இன்னும் தோட்டத்து நிலத்தில் இருக்கிறதா, மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மன்றத்தின் குப்பை லாரி சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) முனையோடு திரும்பிவிடுகிறது என்றால், அதற்கு அப்பால் உள்ளது இன்னும் மன்றத்திடம் வரவில்லையோ என்று எனக்கு இப்போதே சந்தேகம். போட்டோ எடுத்து, நிலத்தின் லோட் எண்ணோடு அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. அந்த ஆளிடம் கொடுத்த நகல்களைத் திருப்பிக் கேளுங்கள். இனிமேல் ஐ.சி. நகல் கொடுத்தால், எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று அதன் குறுக்கே கோடு போட்டு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததைத் திருப்பித் தர மறுத்தாலோ, கைநாட்டுக்கு மறுபடி வீட்டு வாசலில் வந்து நின்றாலோ, போலீஸ் நிலையத்தில் ஒரு ரிப்போர்ட் போட்டு வையுங்கள். அதன் நகல் பூசாக்கா விசாரணையிலும் உதவும். தவணைக் கடிதம் மலாயில் எழுத வராவிட்டால் அம்மாவையும் நோட்டீஸையும் கூட்டிக்கொண்டு என் சேவை மையத்துக்கு வாருங்கள். நான் இல்லாவிட்டாலும் அங்குள்ள பிள்ளை எழுதித் தரும், காசு வாங்காது. கிராண்டை மட்டும் கொண்டுவராதீர்கள், என்னிடம்கூட.