வாசகர் கேள்வி-பதில்: விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்?

கே: நியூயார்க்கிலிருந்து லண்டன் போக 7 மணி நேரம், திரும்பி வர 8 மணி நேரம் என்கிறார்கள். தூரம் ஒன்றுதானே? பூமி சுழல்வதுதான் காரணமா?

ப: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது; விமானம் பறப்பது அந்தக் காற்றில்தான். (இல்லையென்றால் ஹெலிகாப்டரில் ஏறி அந்தரத்தில் நின்றாலே ஊர் மாறிவிடுமே!) உண்மையான காரணம் ஜெட் காற்றோட்டம். சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. குளிர்காலத்தில் வேகம் அதிகம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தூரம் ஏறக்குறைய 5,550 கி.மீ. பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று கொள்ளுங்கள். வழி நெடுக 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 33 நிமிடம். எதிரே வந்தால் 6 மணி 56 நிமிடம். மேலேறவும் இறங்கவும் வேகம் குறையும், ஓடுபாதைக்கு உருண்டு போகவும் நேரம் பிடிக்கும். அதற்கு ஒரு மணி நேரம் சேருங்கள். டிக்கெட்டில் போடுவது புறப்படும் வாயிலிலிருந்து சேரும் வாயில் வரையிலான நேரம். தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள்.

போகும்போது மிச்சமாவது வரும்போது சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 20 நிமிடம். இந்தக் காற்றில் 12 மணி 29 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் பறக்க வேண்டியிருப்பதால் நஷ்டம்தான் கூடும்.

கே: மாட்ரிட், நியூயார்க் இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. விமானம் ஏன் வடக்கே வளைந்து போகிறது?

ப: வளைவு வரைபடத்தில்தான். உருண்டையான பூமியில் அதுவே குறுக்கு வழி: அட்சரேகையை ஒட்டியே போனால் சுமார் 5,940 கி.மீ., இப்படிப் போனால் 5,770. ஆனாலும் எப்போதும் குறுக்கு வழி கிடைப்பதில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி நேரம் அளவுக்கு நீண்டுவிட்டது.

கே: டோக்கியோவில் மாலை ஏறினால், லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை இறங்குகிறோமாமே?

ப: ஆமாம், சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுவதால். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: அமெரிக்கா கோடைக்கால நேரத்துக்கு மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரிட்டன் மாறுவது கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்–லண்டன் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி நேரம்.