உடம்பைப் பிடிக்கும், ஆனால் சீனி ஏறினால்? - கேள்வி பதில்

திருகோணமலையில் தொற்றா நோய்க் கிளினிக்கில் வேலை செய்யும் தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, உவர்மலையில் இருக்கிறேன், 29 வயது. கலியாண வீட்டுக்குப் போனாலே "என்ன பிள்ளை, உடம்பு வைச்சிட்டாய்" என்கிறார்கள். இனி யாருக்காகவும் மெலிவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இடுப்பு 92 சென்ரிமீற்றர். இப்படியே இருந்தால் பிழையா?

பதில்: கலியாண வீட்டுச் சனத்துக்காக மெலியவே வேண்டாம் தங்கச்சி. ஆனால் அந்த 92ஐ நான் சும்மா விடமாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இடுப்பு 80ஐத் தாண்டினாலே சீனி வருத்தம், பிரஷர் வரும் வாய்ப்புக் கூடும். (பாவாடை கட்டுகிற இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.) வெறும் வயிற்றில் சீனியும், கூடவே பிரஷரும் ஒருதரம் பாருங்கள். கிழமைக்கு 150 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால், நிறை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இரண்டும் குறைய வழியுண்டு. தராசை மட்டும் பார்க்கிறவர்கள் இது தெரியாமல்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: டச்பே கடற்கரையில் நடக்க ஆசை. பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சம்.

பதில்: விடிய 6 மணிக்குப் போங்கள். அந்த நேரம் வருகிற சனத்துக்குத் தங்கள் மூச்சு வாங்குவதைக் கவனிக்கவே நேரம் சரி.

கேள்வி: மிஸ், நான் கிண்ணியா, 44 வயது, ஒல்லி. நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. எனக்கு என்ன வரப்போகிறது?

பதில்: நானா, கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் தேத்தண்ணியில் மட்டும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25. சீனி வருத்தம் ஒல்லியானவர்களுக்கும் வரும். 35 தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

கேள்வி: மகளுக்கு 14. வகுப்பில் "குண்டு" என்கிறார்களாம், இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நானும் அவளுக்குச் சோற்றை நிறுத்திப் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. வளர்கிற பிள்ளை. இரவில் பட்டினி கிடந்தால், விடிந்ததும் ஒளித்து வைத்த பிஸ்கட்டில் கை போகும். அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே மீன்குழம்பு, ஒரே வல்லாரைச் சம்பல். சோறு கொஞ்சம் குறைய, கறி கொஞ்சம் கூட. அவள் கோப்பையை எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள். இன்னொன்று, சாறி கட்டும்போது கண்ணாடிக்கு முன்னால் "நான் பூதம் மாதிரி" என்று உங்களையே நீங்கள் திட்டினால், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். தலைசுற்று, மாதவிலக்கு நிற்பது, சாப்பிட்டதும் போய் வாந்தி எடுப்பது, இதில் ஏதாவது கண்டால் நாள் கடத்தாமல் டொக்டரிடம் கூட்டிப்போங்கள். வகுப்பாசிரியரிடமும் கதையுங்கள், அந்தப் பேச்சை நிறுத்துவது பிள்ளையின் வேலை இல்லை.

கேள்வி: கொழுப்பைக் கரைக்கும் மூலிகைக் குளிசை ஒன்லைனில் வருகிறதே?

பதில்: வாங்காதீர்கள். இதயத்துக்கு ஆபத்தென்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கிய சிபுட்ரமின் என்ற மருந்து, "மூலிகை" என்று விற்ற குளிசைகளுக்குள் பிடிபட்டிருக்கிறது. ஏற்கெனவே குடித்து நெஞ்சு படபடத்தால், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.