கோபத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைத்த தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் கிளிநொச்சிப் போராட்டத்துக்குப் போய்வரும் நாளெல்லாம் நெஞ்சு எரிகிறது. போன கிழமை, சைக்கிளை மழையில் விட்டதற்காக 12 வயது மகனுக்கு அடித்துவிட்டேன். “கோபம் தலையான பாவம், எல்லாரையும் மன்னித்துவிடு” என்கிறார்கள் செபக்கூட்டத்தில். கோபத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்:
அன்புள்ள சகோதரி,

தம்பிக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லாததால் வருகிற கோபம் வேறு, சைக்கிளுக்காக வந்த கோபம் வேறு. செபக்கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

உணர்ச்சி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. பழிவாங்கத் துடிக்கும்போதுதான் கோபம் பாவமாகிறது. மாற்கு 3ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கை சூம்பிய ஒருவரை ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று இயேசு கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் கோபத்தோடு பார்த்தார், அவர்களின் கல்மனதை நினைத்து வருந்தினார் என்று ஒரே வசனத்தில் இரண்டும் வருகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள்மேல் வந்த கோபம் அது. 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் படத்தோடு வந்து இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாதபோது எதை மன்னிப்பது? ‘மன்னித்துவிடு’ என்ற அவசரம் பல நேரம் சொல்பவரின் சங்கடத்தைத் தீர்க்கத்தான். (உங்கள் செபக்கூட்டத்தார் இதற்காக என்மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.) 13ஆம் திருப்பாடல், எவ்வளவு காலம் ஆண்டவரே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. தனியே இருக்கும்போது அதைச் சத்தமாகவே செபியுங்கள்.

மகனுக்கு அடித்தது பிழை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லுங்கள். அதற்கு முதல் அவனிடம் சொல்லுங்கள். பொழுது சாயமுன் சினம் தணியட்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது, 2009ஐ ஒரு பின்னேரத்துக்குள் மறக்கச் சொல்லி என்று நான் நினைக்கவில்லை. மகனோடு வந்த சண்டையை அன்றிரவே முடிக்கலாம். “சைக்கிளுக்காக இல்லையப்பு, மாமாவை நினைச்சு வந்த கோவம். உனக்கு அடிச்சது அம்மாவின்ர பிழை” என்றால் போதும். மாமாவைப் பற்றி அவன் கேட்டால் இருந்து கதையுங்கள்.

போராட்டத்தால் வந்தவுடன் வீட்டுவேலையில் இறங்காதீர்கள். வெயிலும் பசியும் சேர்ந்தால் யாருக்கும் கை நீளும். இறைவாக்கினர் எலியா, தான் சாகவேண்டும் என்று செடியின்கீழ் படுத்தபோது வானதூதர் பிரசங்கம் வைக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். நீங்களும் சாப்பிட்டுக் கொஞ்சம் சரியுங்கள். அப்புறமும் கை ஓங்க வந்தால் கிணற்றடிவரை நடந்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு செய்தும் அடி தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ‘விசருக்கு மருந்தெடுக்கிறாள்’ என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும்.