கூண்டில் ஏறாத வக்கீல்

வணக்கம் சார்,

நீங்கள் ஒருமுறை குறிப்பிட்டிருந்ததால் 'பிரஸ்யூம்டு இன்னசென்ட்' (1990) பார்த்தேன். கூட வேலை பார்த்த பெண் வக்கீலைக் கொன்றதாக ஒரு அரசு வக்கீல் மீதே வழக்கு. பிரமாதமான தொடக்கம். ஆனால் அந்த வக்கீல் தன் வழக்கில் வாயே திறக்கவில்லை, கூண்டிலும் ஏறவில்லை. போதாததற்கு, ஜூரி தீர்ப்புச் சொல்லும் முன்பே நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்கிறார். கோர்ட் படத்தில் கோர்ட்டைப் பாதியில் இழுத்து மூடினால் எப்படி?

கே.

அன்புள்ள கே.,

கொலையாளி யார் என்பதை மட்டும் தொடாமல் பதில் சொல்கிறேன். வழக்கு எப்படி முடிகிறது என்பதைத்தான் நீங்களே போட்டு உடைத்துவிட்டீர்களே!

ஹாரிசன் ஃபோர்டு நடித்த ரஸ்டி சாபிச் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம். எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணையில் மடக்கியவர் அவர். தான் கூண்டில் ஏறினால் என்னென்ன கேட்பார்கள் என்று அவருக்கே தெரியும். இறந்தவரோடு தொடர்பு இருந்ததா? இருந்தது. அவர் விலகிப்போன பிறகும் மறக்க முடியாமல் தவித்தீர்களா? ஆமாம். கொலையைத் துப்புத் துலக்கும் பொறுப்பு உங்களிடம் வந்ததே, அந்தத் தொடர்பை முதலிலேயே சொன்னீர்களா? இல்லை. எல்லாமே உண்மையான பதில்கள், எல்லாமே தூக்குக் கயிறு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 5-வது திருத்தப்படி குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. சொல்லாததைக் குற்றத்துக்கு அடையாளமாகக் காட்டி அரசு வக்கீல் ஜூரியிடம் வாதிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 1965-ல் தீர்ப்பளித்தது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் அந்த நிலையில் வேறென்ன செய்வார்?

அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் ரவுல் ஜூலியா இருக்கிறாரே! சாண்டி ஸ்டெர்ன் என்ற அந்த வக்கீல், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரை விசாரிக்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். குரலை உயர்த்துவதில்லை, மேஜையைத் தட்டுவதில்லை. மருத்துவர் தானே பதிவு செய்து மறந்துபோன ஒரு குறிப்பை அவரிடமே நீட்டுகிறார், அவ்வளவுதான். அரசுத் தரப்பின் மருத்துவ ஆதாரம் அங்கேயே சரிகிறது. கொலை நடந்த வீட்டில் கிடைத்த, ரஸ்டியின் கைரேகை பதிந்த கண்ணாடி டம்ளரோ கோர்ட்டுக்கு வந்து சேரவே இல்லை.

அப்புறம் தள்ளுபடி. நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அவர்கள் கொண்டுவந்தது போதாது என்றால் ஜூரியிடம் அனுப்பாமலே நீதிபதி முடித்துவிடலாம். அப்படி விடுவித்தால் அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது, அதுவும் 5-வது திருத்தம்தான். ஜூரி 'குற்றவாளி இல்லை' என்று சொல்லியிருந்தால் 12 பேர் ரஸ்டியின் பக்கம் நின்ற நிம்மதியோடு நாம் எழுந்து போயிருப்போம். இங்கே அவர் செய்தாரா இல்லையா என்று யாருமே சொல்லவில்லை. ஆள் விடுதலையாகிவிட்டார், சந்தேகம் ஆகவில்லை. கடைசிப் பகுதி அவ்வளவு கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பேன்.

நீதிபதி தள்ளுபடி செய்ய இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம் என்று படம் கோடிகாட்டுகிறதே, கவனித்தீர்களா? மூல நாவலை 1987-ல் எழுதிய ஸ்காட் டுரோ, சிகாகோவில் மத்திய அரசு வக்கீலாக இருந்தவர். லஞ்சம் வாங்கிய நீதிபதிகளைப் பிடித்த 'ஆபரேஷன் கிரேலார்ட்' வழக்குகளில் அரசுத் தரப்பில் வாதாடியவர். அந்தப் பகுதியை அவர் காற்றில் பிடித்து எழுதவில்லை. படத்தில் அது கொஞ்சம் அவசரமாகக் கடந்துபோகிறது என்பது சரி.

எனக்கு உறுத்தியது வேறு. கொலையான கரோலின். பதவிக்காக ஆண்களைப் பயன்படுத்துகிறவர் என்பதற்கு மேல் அந்தப் பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. கிரெட்டா ஸ்காக்கி பாவம், என்ன செய்வார்? எல்லாமே மற்றவர்களின் நினைவில் வரும் காட்சிகள் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் இயக்குநர் ஆலன் பகுலா அந்த நினைவுகளை ஒரு இடத்திலாவது சந்தேகித்திருக்கலாம்.

சரி, ஜூரியின் தீர்ப்பைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் 2024-ல் இதே பெயரில் வந்த தொடரைப் பாருங்கள். 8 பகுதிகள், ரஸ்டியாக ஜேக் ஜிலன்ஹால். அதில் ரஸ்டி தன் வழக்கில் தானே எழுந்து வாதாடுகிறார். நீங்கள் கேட்டதெல்லாம் இருக்கிறது. எனக்கு ஃபோர்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே போதும்.